மிலானுக்குக் குடிவந்த அதிமேற்றிராணியார்



நவம்பர் மாதம் 4-ந் தேதி அர்ச். சார்லஸ் பொரோமேயுவின் திருநாள். சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளும் கல்லறைத் திருநாளும் அடுத்தடுத்து வந்துபோன களைப்பில் இவருடைய நாளை நம்மில் பலர் நினைப்பதில்லை. குருமடங்களில் மட்டும் இவரை மறப்பதில்லை. குருமாணவர்களுக்கு இவர் பாதுகாவலர். ஆயினும் ஒரு குடும்பத்தையோ, பள்ளிக்கூடத்தையோ, சபையையோ நடத்தும் பொறுப்புள்ள எவரும் இவருடைய சரித்திரத்தை அறிந்திருப்பது நலம்.

அவர் 1538-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, இத்தாலியாவின் வடபாகத்தில் ஓர் ஏரிக்கரையிலுள்ள அரோனா கோட்டையில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். இளைய மகனாகையால் பன்னிரண்டு வயதிலேயே அவரைத் திருச்சபைப் பணிக்கென்று ஒதுக்கினார்கள். உறவினர் ஒருவர் விட்டுக்கொடுத்த மடத்தின் வருமானமும் அவர் பேருக்கு வந்தது. அக்காலத்தில் இது சகஜம். சிறுவன் தகப்பனாரிடம் சென்று, தன் படிப்புச் செலவு போக மீதியெல்லாம் ஏழைகளுடைய சொத்து, அதை வீட்டுச் செலவில் சேர்க்கலாகாது என்று தெரிவித்தாராம். அவருக்குப் பேச்சில் சற்றுத் திக்கல் உண்டு. பிரகாசமான மாணவர் என்றும் யாரும் அவரைச் சொன்னதில்லை. இருந்தும் விடாமுயற்சியால் 1559-ல் பவியா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார்.

அந்த ஆண்டின் கடைசியில் அவருடைய தாய்மாமன் பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டு நான்காம் பத்திநாதர் என்று பெயர் சூடினார். ஒரு மாதத்துக்கெல்லாம் மருமகனுக்கு ரோமாபுரியிலிருந்து அழைப்பு வந்தது. 21 வயதில் கர்தினால் பட்டம். அதைத் தொடர்ந்து மிலான் அதிமேற்றிராசனத்தின் நிர்வாகமும் அவர் கைக்கு வந்தது. அப்போது அவர் குருவானவர் கூட அல்ல. இது உறவினர் சலுகைதான். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. சர்வேசுரன் கோணலான கொம்பையும் ஊன்றுகோலாக்க வல்லவர்.

ரோமாபுரியில் அவருக்கு ஓயாத வேலை. நின்றுபோயிருந்த திரெந்து பொதுச்சங்கத்தை 1562-ல் மீண்டும் கூட்டி 1563 டிசம்பரில் முடித்துவைக்கும் வரையில், பாப்பரசருக்கும் சங்கத்துக்கும் இடையே கடிதப் போக்குவரத்தெல்லாம் அவர் கை வழியாகவே நடந்தது. அந்தச் சங்கத்தில் வெகு காரசாரமாக வாதிக்கப்பட்ட காரியங்களில் ஒன்று, மேற்றிராணிமார் தங்கள் மேற்றிராசனத்தில் வசிக்க வேண்டுமா என்பது. இதுவும் ஒரு கேள்வியா என்று நீங்கள் நினைக்கலாம். அந்நாளில் அநேக மேற்றிராணிமார் தங்கள் ஊரை எட்டிப் பார்ப்பதேயில்லை. வருமானம் அவர்களுக்கு வரும். வேலை பதிலாட்களைக் கொண்டு நடக்கும். மிலான் நகரில் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக அதிமேற்றிராணியார் யாரும் குடியிருந்ததில்லை. பேரன் காலத்திலும் தன் மேய்ப்பரின் முகத்தை அறியாத மந்தை எப்படியிருக்கும்? மடங்களில் ஒழுங்கு குலைந்து, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாரின்றிக் கிடந்தது.

1563-ல் சங்கம் இதைக் கட்டளையாகவே விதித்தது. இங்கேதான் சார்லஸுக்குச் சங்கடம் தொடங்கியது. மற்றவர்களை அவரவர் மேற்றிராசனத்துக்கு அனுப்பும் கட்டளைக்குப் பாடுபட்டவர், தாமே மிலானின் வருமானத்துக்கு உரியவராக ரோமாபுரியில் உட்கார்ந்திருந்தார். இதற்குள் 1562 நவம்பரில் அவருடைய தமையன் பெதெரிக்கோ திடீரென்று இறந்துபோனார். குடும்பத்துக்கு வாரிசு வேண்டும், இவர் விவாகம் செய்துகொள்ள வேண்டும் என்று உறவினர் நெருக்கினார்கள். அவரோ 1563-ல் குருப்பட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் மேற்றிராணிப் பட்டமும் பெற்றார்.

அப்போது அவருடைய மனம் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தபோதன மடமொன்றில் ஒளிந்துகொள்ள விரும்பியது. ரோமாபுரிக்கு வந்திருந்த போர்த்துக்கல் தேசத்துப் பிராகா அதிமேற்றிராணியார் பர்த்தொலொமேயுவிடம் (2019-ல் அர்ச்சியசிஷ்டவராக அறிவிக்கப்பட்டவர்) யோசனை கேட்டார். மடம் வேண்டாம், இப்போதைய வேலையைச் செய்யும், மந்தையிடம் போக வாய்ப்புக் கிடைத்ததும் போய்விடும் என்பதே பெரியவர் தந்த ஆலோசனை. பொறுப்பிலிருந்து ஓடுவதற்குப் பக்தி நல்ல சாக்கு. அதை அந்தப் பெரியவர் கண்டுகொண்டார் போலும்.

1564-ல் தமக்குப் பதிலாக ஒர்மனேத்தோ என்ற அனுபவமிக்க குருவானவரை மிலானுக்கு அனுப்பினார். நல்லவர், திறமைசாலி, ஆனால் அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அவர் மனம் சோர்ந்து எழுதிய செய்திகள் சார்லஸைச் சுட்டன. பதிலாள் போதாது என்று தெளிந்து, மாமனாரிடம் மன்றாடி உத்தரவு பெற்று, 1565 செப்டம்பர் 23-ந் தேதி மிலான் நகருக்குள் பிரவேசித்தார். டிசம்பரில் பாப்பரசர் இறந்தபோது மறுபடி ரோமாபுரி செல்ல நேர்ந்தது. 1566-ம் ஆண்டு வசந்த காலத்தில் திரும்பி வந்தவர், மிலானையே தம் வீடாக்கிக்கொண்டார்.

வந்தவர் முதலில் தம் வீட்டைத் திருத்தினார். வெள்ளிப் பாத்திரங்களை விற்றார். மற்ற மானியங்களைத் துறந்தார். குடும்பச் சொத்தாக வந்த ஒரியா என்ற சிற்றரசை 40,000 பொற்காசுக்கு விற்றுத் தர்மம் செய்தார். அதன்பின் மேற்றிராசனம் முழுவதையும் பங்கு பங்காகப் பார்க்கப் புறப்பட்டார். சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகள் சில மிலானைச் சேர்ந்தவை. கழுதை கூடப் போகாத பாதைகளில் கால்நடையாக ஏறினார். குருமடங்களை ஏற்படுத்தினார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவருக்கும் சொல்பவருக்கும் நடுவே மரத்தடுப்பும் கம்பிச் சன்னலும் இருக்க வேண்டும் என்று விதித்துப் பரவச் செய்தவர்களில் அவரே முதன்மையானவர்.

எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று எண்ணாதீர்கள். அவர் கண்டிப்பானவர், சில வேளை மிதமிஞ்சிய கண்டிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் களியாட்டங்களைத் தடுத்தார். ஸ்பானிய ஆளுநர்களோடு அவருக்கு ஓயாத வழக்கு. அவர் மேல் ரோமாபுரிக்குப் புகார்கள் பறந்தன. ஹூமிலியாத்தி என்ற சபைக்கு 90 மடங்கள் இருந்தன, சன்னியாசிகளோ 200 பேர் கூட இல்லை. அவர்களைத் திருத்த முயன்றதன் பலன், 1569 அக்டோபர் 26-ந் தேதி மாலைச் செபத்தில் முழந்தாளிட்டிருந்தவரை அச்சபையைச் சேர்ந்த பரீனா என்பவன் பின்னாலிருந்து சுட்டான். குண்டு உடைமேல் பட்டு விழுந்தது. அவர் செபத்தை நிறுத்தவில்லை.

1576-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மிலானில் பிளேக் என்னும் கொள்ளைநோய் கண்டது. அதிமேற்றிராணியார் அச்சமயம் லோதி நகரில் அவ்வூர் மேற்றிராணியாரின் மரணச் சடங்குக்குச் சென்றிருந்தார். செய்தி கேட்டதும் மிலானுக்குத் திரும்பினார். அவர் உள்ளே வரும்போது பிரபுக்களின் வண்டிகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. ஆளுநரும் ஊரை விட்டு விலகினார். சார்லஸ் தம் மரண சாசனத்தை எழுதிவைத்துவிட்டு, நோயாளிகளை அடைத்து வைத்திருந்த லாசரேத்தோவுக்குப் போனார். அது ஊருக்கு வெளியே 288 அறைகள் கொண்ட பெரிய சதுரக் கட்டடம். உள்ளே சோறில்லை, துணியில்லை, சாகிறவனுக்குத் தேவத்திரவிய அனுமானம் கொடுக்கக் குருவானவர் இல்லை. மிலான் குருக்களில் பலர் முதலில் பயந்து பின்வாங்கினார்கள். மலைப் பங்குகளிலிருந்து குருக்களை வரவழைத்தார். பவுல் பெல்லிந்தானி என்ற கப்புச்சின் சன்னியாசி லாசரேத்தோவின் நிர்வாகத்தை ஏற்றார். சார்லஸ் தாமே வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்கு நன்மை கொடுத்தார். அதைக் கண்டபின் தயங்கியவர்களும் வந்தார்கள். தம் மாளிகையின் திரைச்சீலைகளையும் கம்பளங்களையும் ஏழைகளுக்கு உடுப்பாகத் தைக்கக் கொடுத்தார்.

அக்டோபர் மாதத்தில், கழுத்தில் கயிறும் வெறுங்காலுமாக, ஆண்டவருடைய சிலுவையின் ஆணி என்று வணங்கப்பட்ட திருப்பண்டத்தை ஏந்தி நகரைச் சுற்றிப் பிரார்த்தனை நடத்தினார். கூட்டம் சேர்ந்தால் நோய் பரவுமென்று நகர அதிகாரிகள் அஞ்சினார்கள். அவர்கள் அச்சம் வீண் என்று இன்று நாம் சொல்லமாட்டோம். எலியிலிருக்கும் தெள்ளுப்பூச்சி பிளேக்கைப் பரப்புகிறது என்பது 1898-ல்தான் கண்டறியப்பட்டது. அம்மாத இறுதியில், எல்லாரும் வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அவரும் அதற்கு ஒத்துழைத்தார். கோவிலுக்கு ஜனங்கள் வர முடியவில்லை என்றால், பூசை ஜனங்களிடம் போகட்டும் என்று தெரு முனைகளில் பீடங்கள் அமைத்தார். மக்கள் சன்னலருகே முழந்தாளிட்டுத் திவ்விய பலிபூசை கண்டார்கள். மணி அடித்ததும் ஒரு வீட்டார் பிரார்த்தனை தொடங்க, எதிர் வீட்டார் சன்னலிலிருந்து பதில் சொல்லுவார்கள். நோய் அற்றுப்போயிற்று என்று 1578-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்கப்படுமுன் நகரில் சுமார் 17,000 பேர் மாண்டனர். 2020-ல் கோவில் கதவுகள் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளை மறவாதவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

கொள்ளைநோய்க் காலத்து வீரத்தை எல்லாரும் புகழ்வார்கள். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் செய்த சாதாரண வேலையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். இதைக் குருக்களிடம் மட்டும் விடாமல், சாதாரண ஆண்களையும் பெண்களையும் சபையாகச் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். அவர் இறக்கும்போது 740 ஞானோபதேசப் பள்ளிகளில் 3,000 பேர் கற்பிக்க, 40,000 பேர் படித்துவந்ததாகக் கணக்குண்டு. 1580-ல் காஸ்திலியோனே ஊரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, அவனோடு பேசி, புது நன்மை கொடுத்தார். அச்சிறுவனே நம் அர்ச். ஞானப்பிரகாசியார்.

அவர் 1575-ல் பெர்கமோ மேற்றிராசனத்தைச் சோதித்துப் பார்த்த பதிவுகள் மிலானில் 39 புத்தகங்களாகக் கிடந்தன. 1906-ல் அவற்றைக் கண்டெடுத்த இளங்குருவானவர் ஒருவர் அரை நூற்றாண்டு உழைத்து அச்சிட்டார். அவரே 1958-ல் பாப்பரசரான 23-ம் அருளப்பர். தம் முடிசூட்டு விழாவுக்கு நவம்பர் 4-ந் தேதியைத் தேர்ந்துகொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவரும் அவரே.

சார்லஸின் கடுந்தவம் அவருடைய சரீரத்தைத் தின்றுவிட்டது. அதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. 1584 அக்டோபரில் வரல்லோ மலையில் தியானம் செய்கையில் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலோடேயே அஸ்கோனா ஊருக்குச் சென்று ஒரு கல்லூரியைத் திறந்துவைத்தார். சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளன்று பிறந்த ஊராகிய அரோனாவில் பூசை செய்தார். அங்கே தங்கி இளைப்பாறாமல், படகில் படுத்தபடியே மிலானுக்குப் புறப்பட்டு, கல்லறைத் திருநாளன்று வந்து சேர்ந்தார். மறுநாள் இரவு, 46-ம் வயதில், தம் மக்கள் நடுவே உயிர் துறந்தார்.