நோய்க்குறி கண்ட நிபுணர்

அரசியல் சுதந்திரம் பெற்ற தேசம் வைத்திய அறிவில் என்றும் பிறர் கையை எதிர்பார்த்திருத்தல் தகாது. இவ்வுண்மையைச் செயலில் காட்டிய தமிழர்களுள் டாக்டர் பி. ராமமூர்த்தி முதல் வரிசையில் நிற்பவர்.

அவர் 1922 ஜனவரி 30-ந் தேதி சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ந்து, சீமை சென்று எடின்பரோவில் எப்.ஆர்.ஸி.எஸ். பட்டம் பெற்றார், நியூகாசில் நகரில் ரோபாதம் என்ற நிபுணரிடம் மூளை ரண சிகிச்சை பயின்றார். 1950-ல் தாயகம் திரும்பி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறைக்கு வித்திட்டிருந்தார். இவ்விருவரும் டாக்டர் நரசிம்மனும் டாக்டர் பல்தேவ் சிங்கும் 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவி 1971-ல்தான் லண்டனில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. அதுவரை வைத்தியருக்குப் பெருந்துணை உடலில் தோன்றும் குறிகளே. வலக்கையும் வலக்காலும் சோர்ந்து பேச்சும் குழறினால், கோளாறு பெரும்பாலும் மூளையின் இடப்பாகத்தில் உள்ளது. நடை தள்ளாடினால் சிறுமூளையை ஐயுற வேண்டும். உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி நிமிர்ந்தால், மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை பழுதுற்றிருக்கிறது. கண்ணுக்குள் நரம்பின் முகப்பு வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது. இவை எல்லாவற்றினும் முக்கியமானது காலக் கணக்கு. பக்கவாதம் நொடிப்பொழுதில் தாக்கும். கட்டியோ பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்து தன்னைக் காட்டும்.

ஆயினும் சீமைப் புத்தகம் மட்டும் நமக்குப் போதவில்லை. அங்கே புற்றுக்கட்டி என்று பொருள்படும் அதே குறிகள், இங்கே பல நோயாளிகளிடம் க்ஷயரோகத்தால் மூளையில் உண்டான கட்டியைக் குறித்தன. மருந்தினால் மாற்றக்கூடிய நோயைத் தீராநோயென்று கைவிடுவது எத்தகைய அநியாயம்! இந்நாட்டு நோயாளிகளையே பாடமாகக் கொண்டு, ராமமூர்த்தி அக்கட்டிகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

1973-ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2003 டிசம்பர் 13-ந் தேதி காலமானார். அவர் தொண்டு முற்றுப்பெறுவது பட்டணத்தில் அன்று. நைனார்பாளையம் போன்ற ஊர்களிலேயாம். ரத்தம் உறைந்து உண்டாகும் பக்கவாதத்துக்கு, உறைவைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லையென்று தெளிதல் அவசியம். ஆகவே, முதற்குறியைக் காண வேண்டியவர் நிபுணர் அல்லர்; வீட்டில் உடனிருப்பவரே. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். வயது வந்தவருக்குப் புதிதாக வலிப்புக் கண்டாலும், விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்து வந்தாலும், மந்திரித்துக் கயிறு கட்டி நாளைக் கடத்தலாகாது.

கள்ளக்குறிச்சியில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆஸ்பத்திரி அருகில் இருந்தும் அறியாமையால் ஓர் உயிர் போகுமானால் அப்பழி நம்மையே சாரும். ஊர்தோறும் கூட்டம் கூட்டிப் பேசும் தேசத் தொண்டர்கள், இச்சில குறிகளையும் ஜனங்களுக்கு எடுத்துரைப்பார்களாக.