51 வயது மாணவர்

ஐரோப்பிய அரண்மனைகள் அவருடைய தூரிகைக்காகக் காத்துக் கிடந்தன. ஆண்ட்வெர்ப் நகரிலே பெரிய பட்டறை. அதிலே சீடர்கள் பலர். அத்தகைய பீட்டர் பால் ரூபன்ஸ், 51 வயதிலே, மற்றொருவர் தீட்டிய படத்தின் முன் நின்று, எழுத்தின்மேல் எழுதிப் பழகும் பள்ளிச் சிறுவனைப்போல் பார்த்துத் தீட்டினார் என்றால் நம்ப முடிகிறதா? நடந்தது அதுதான்!

1577-ல் பிறந்த ரூபன்ஸ், பத்து வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்தார். சிறுவனாக ஒரு சீமாட்டியின் இல்லத்திலே ஏவல் புரிந்தார். 1598-ல் ஓவியர் சங்கத்திலே இடம் பெற்றார். 1600-ல் இத்தாலி சென்று எட்டாண்டுகள் பயின்றார். அங்கே அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவர் வெனிஸ் ஓவியர் டிசியன். ஆனால் டிசியன் மறைந்தது 1576-ல். மாணவர் பிறக்கும் முன்பே ஆசான் போய்விட்டார்! எஞ்சியவை படங்களே.

1628-ல், ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அமைதி காணும் தூதுப் பணியில் மாட்ரிட் சென்றார். மன்னன் நான்காம் பிலிப்பின் அரண்மனையிலே டிசியன் படங்கள் நிறைந்திருந்தன. பேச்சு வார்த்தைக்கு இடையே கிடைத்த பொழுதெல்லாம் அவற்றைப் பார்த்துத் தீட்டினார்.

எண்ணெய் வண்ணத்திலே முகம் தீட்டுவது எளிதன்று. அடிப்பூச்சு உலரவேண்டும், அதன்மேல் மெல்லிய வண்ணம், அதுவும் உலர்ந்தபின் இன்னொன்று. அடியிலுள்ள ஒளி மேலே கசிந்தால்தான் கன்னத்திலே குருதி ஓடுவதாகத் தோன்றும். இதை ஏடு கற்பிக்காது. ஆசான் சென்ற வழியிலே கை நடந்துதான் அறியவேண்டும்.

அவர் வெறும் நகல்காரரா? இல்லை! டிசியனின் ஆதாமும் ஏவாளும் படத்தைத் தீட்டியபோது, பின்சாய்ந்திருந்த ஆதாமை முன்சாய வைத்தார். புதிதாக ஒரு கிளியையும் சேர்த்தார். இரு படங்களும் இன்று மாட்ரிட் பிராடோ காட்சிக்கூடத்தில் உள்ளன.

பேரரசர் ஐந்தாம் சார்லசும் அரசி இசபெல்லாவும் அமர்ந்திருக்கும் டிசியன் படத்தையும் பார்த்துத் தீட்டினார். மூலப்படம் பின்னர் தொலைந்துபோனது. மாணவரின் பயிற்சிப் படமே இன்று அதை உலகுக்குக் காட்டுகிறது!

அப்போது அரண்மனை ஓவியராயிருந்த வெலாஸ்குவெஸ் 29 வயது இளைஞர். ரூபன்சுடன் பழகிய அவரும், 1629-ல் இத்தாலிக்குப் புறப்பட்டார், கற்பதற்காக.

1640-ல் ரூபன்ஸ் மறைந்தபோது, டிசியனைப் பார்த்துத் தீட்டிய படங்கள் பல அவர் இல்லத்திலேயே இருந்தன.

பட்டமும் பதவியும் வந்ததும் பாடம் முடிந்ததென்று புத்தகத்தை மூடுவோர் உண்டு. தூதரென்ற பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு, தூரிகையோடு மாணவராக நின்றார் ரூபன்ஸ். அவர் தாழ்ந்தா போனார்?