நிறத்தை நம்பாத மனுஷன்: ஹென்றி வால்டர் பேட்ஸ்

ஹாஸ்டல் பின்னாடி எருக்கஞ்செடி மேல ஒரு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. போனை எடுத்து கிளிக் பண்றீங்க. கை ஆடிருச்சு, பாதி இறக்கைதான் தெளிவா விழுந்திருக்கு. ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம், வெள்ளைப் புள்ளி. 'ப்ளெய்ன் டைகர்', தமிழில் வெந்தய வரியன்னு முடிவு பண்ணிடுறீங்க. கொஞ்சம் பொறுங்க. அப்படி அவசரப்படக் கூடாதுன்னு உலகத்துக்குச் சொன்ன ஒருத்தரோட கதையைக் கேட்டுட்டு வாங்க.

அவர் பெயர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 1825-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். காலுறை தயாரிக்கும் குடும்பம். 13 வயதில் படிப்பு நின்றது. ஒரு காலுறை வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். காலை 7 மணிக்குப் போனால் இரவு 8 வரை வேலை. நம்ம எட்டு மணிநேர டைம்டேபிளைப் பார்த்துப் புலம்புற நமக்கு இது எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க! அதற்கு அப்புறம் இரவு வகுப்பு, கிடைக்கிற நேரத்தில் வண்டு பிடிப்பது. வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று 1843-ல் அச்சில் வந்தபோது அவருக்கு 18 வயது. டிகிரி எதுவும் கிடையாது.

லெஸ்டரில் ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் அவருக்கு நண்பரானார். 1848-ல் இரண்டு பேரும் பிரேசிலின் பாரா துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். பிடித்த பூச்சிகளை லண்டனில் இருந்த ஏஜென்ட்டுக்கு அனுப்புவது, அவர் விற்றுக் கொடுக்கும் காசில் அடுத்த பயணம் போவது. இதுதான் அவங்க பிளான்.

அமேசான் அவ்வளவு சுலபமா விடவில்லை. 1851-ல் வாலஸின் தம்பி ஹெர்பர்ட் பாராவில் மஞ்சள் காய்ச்சலில் விழுந்தார். பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர் பேட்ஸ்தான். ஹெர்பர்ட் பிழைக்கவில்லை. பேட்ஸுக்கும் அதே காய்ச்சல் வந்தது, அவர் தப்பித்தார். 1852-ல் வாலஸ் ஊருக்குக் கிளம்பினார். பேட்ஸ் இருந்துவிட்டார். மொத்தம் 11 வருஷம். அதில் நாலரை வருஷம் ஏகா என்ற சின்ன ஊரில்.

அங்கேதான் ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. காட்டு வழியில் ஹெலிகோனிட் வகைப் பட்டாம்பூச்சிகள் பகட்டான நிறத்தில், அவசரமே இல்லாமல் மெதுவாகப் பறக்கும். அவற்றைப் பறவைகள் துரத்துவதை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கூட்டத்தில் வலை வீசிப் பிடித்தவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், சிலது அந்த இனமே இல்லை! அவை நம்ம ஊர் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த லெப்டாலிஸ். பறக்கும்போது அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. காட்டிக்கொடுத்தது காலும் இறக்கை நரம்பும். வெள்ளைகளுக்கு ஆறு காலும் நடக்கிற கால். ஹெலிகோனிட்களுக்கு முன்னங்கால் இரண்டும் சிறுத்துப் போயிருக்கும்.

1859-ல் பேட்ஸ் ஊர் திரும்பினார். உடல்நிலை கெட்டிருந்தது. ஆனால் அவர் சேர்த்தவை 14,000-க்கும் மேற்பட்ட இனங்கள். சுமார் 8,000 அறிவியலுக்கே புதியவை. அதே வருஷம்தான் டார்வினின் நூலும் வெளிவந்தது. பேட்ஸ் தன் புதிருக்கு அதில் விடை கண்டார். ஹெலிகோனிட் சுவையில்லாதது, ஒருமுறை கடித்த பறவை மறுபடி அந்த நிறத்தைத் தொடாது. அதைப் போலவே தற்செயலாகக் கொஞ்சம் தோன்றிய லெப்டாலிஸ் தப்பியது, மற்றவை இரையாயின. தலைமுறை தலைமுறையாக இது நடக்க, வேஷம் கச்சிதமாகிவிட்டது. இந்தக் கட்டுரை 1862-ல் அச்சானது. டார்வின் தூண்டுதலால் பயண நூலும் 1863-ல் வந்தது. 1864-ல் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியில் துணைச் செயலாளர் வேலை கிடைத்தது. 1892-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்த வேஷத்துக்கு 'பேட்சியன் மிமிக்ரி' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போ உங்க போட்டோவுக்கு வருவோம். வெந்தய வரியனின் புழு எருக்கு இலையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கும். 'டனாய்ட் எக்ஃப்ளை'யின் பெண் அதே ஆரஞ்சு வேஷம் போடும். ஆண் கறுப்பில் வெள்ளைத் திட்டோட வேற மாதிரி இருக்கும். அதனால நிறத்தை விடுங்க, பின் இறக்கையைப் பெரிசு பண்ணிப் பாருங்க. நடுவில் 3 அல்லது 4 கறுப்புப் புள்ளி இருந்தா வெந்தய வரியன். மேல் விளிம்புக்கிட்ட ஒரே ஒரு புள்ளின்னா எக்ஃப்ளை. அந்தப் பகுதியே மங்கலா இருந்தா? 'இரண்டில் ஒன்று' என்று எழுதி வையுங்க. அது தோல்வி இல்லை. தப்பான பெயரை விட அது நேர்மையான பதிவு. அடுத்த தடவை ஒரே கோணத்தில் பத்து படம் எடுக்காமல், மேல்புறம் ஒன்று, மடித்த இறக்கை ஒன்று, கால் தெரிய ஒன்று என்று எடுங்க. ஏமாற்றுவதற்காகவே உருவான நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டால், ஏமாந்த பறவைக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிடும்.