ஒரு சட்டை தைக்க 14 மணி நேரம்... அதை மாற்றிய எலியாஸ் ஹோவ் யார்?

இன்று டெய்லரிடம் துணி கொடுத்தால், சட்டை தைத்துத் தர எவ்வளவு நேரம் ஆகும்? வேலை அதிகமா இருக்குன்னு டெய்லர் நாலு நாள் கேட்பார். ஆனா உண்மையான தையல் வேலை சில மணி நேரம்தான்.

மெஷின் வருவதற்கு முன்பு அப்படி இல்லை. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், மெஷினில் 1 மணி 16 நிமிடம் என்று 1860-களில் கணக்கு சொன்னது, அமெரிக்காவின் வீலர் அண்ட் வில்சன் தையல் மெஷின் நிறுவனம். மெல்லிய காட்டன் துணி என்றால் தையலும் பொடியாக விழ வேண்டும். இல்லையென்றால் காலரும் கஃப்பும் சுருங்கிவிடும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அவர்களில் ஒருவரின் கணவர்தான் எலியாஸ் ஹோவ்.

யார் இவர்?

1819-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். பருத்தி மில்களுக்குப் பேர்போன லோவெல் நகரில் இளம் வயதிலேயே வேலைக்குப் போனார். மில்லில் துணி மலைபோல் குவிந்தது. ஆனால் அதைச் சட்டையாக்க இன்னும் கை ஊசிதான்.

அடுத்து பாஸ்டனில் ஒரு மெக்கானிக் பட்டறை. தையல் மெஷின் செய்பவன் கோடீஸ்வரன் ஆவான் என்ற பேச்சு அங்கேதான் அவர் காதில் விழுந்தது. சம்பளம் போதவில்லை. மனைவி எலிசபெத் வீட்டில் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

கை ஊசியில் காது பின்பக்கம் இருக்கும். ஹோவ் மெஷினில் அது முனையில் வந்தது. ஊசி ஒரு நூலைத் துணிக்குள் செலுத்தும். துணியின் மறுபக்கம் ஓடும் ஷட்டில் இன்னொரு நூலை அதில் கோர்க்கும். இதுதான் லாக் ஸ்டிச். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு இடத்தில் அறுந்தாலும் வரிசையாகப் பிரிந்து வராது. இதே யோசனை வால்டர் ஹன்ட் என்பவருக்கு முன்பே வந்திருந்தது. ஆனா அவர் காப்புரிமை வாங்கவில்லை.

1845-ல் ஐந்து தையல்காரப் பெண்களுடன் போட்டி. நிமிடத்துக்கு 250 தையல் போட்டு ஹோவின் மெஷின் ஜெயித்தது. 1846 செப்டம்பர் 10-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஜெயித்தும் ஏன் விற்கவில்லை?

விலை சுமார் 300 டாலர். வேலை போய்விடும் என்று டெய்லர்களுக்குப் பயம். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஹோவ் மெஷினில் துணியைச் செங்குத்தாக ஒரு தகட்டில் மாட்ட வேண்டும். குட்டையான நேர் தையல் மட்டுமே வரும். தகடு முடிந்ததும் நிறுத்தி, மறுபடி மாட்டணும். காலர் வளைவையும் கை பொருத்தும் வளைவையும் இதில் எப்படித் தைப்பது?

பிழைப்பு தேடி இங்கிலாந்து போனார். அங்கே உரிமையை 250 பவுண்டுக்கு வாங்கியவர் வில்லியம் தாமஸ் என்ற கார்செட் தயாரிப்பாளர். ஹோவ் ஏழையாகவே ஊர் திரும்பினார். அப்போது எலிசபெத் காசநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

பணம் எப்போது வந்தது?

இதற்கிடையே ஐசக் சிங்கர் உள்ளிட்டவர்கள் மெஷினை மேம்படுத்தி விற்றார்கள். சிங்கர் மெஷினில் துணியை மேசை மீது படுக்கவைத்து, வளைத்துத் திருப்பித் தைக்கலாம். ஆனால் அதிலும் முனையில் காது வைத்த ஊசிதான், லாக் ஸ்டிச்தான். ஹோவ் வழக்குப் போட்டு 1854-ல் வென்றார். 1856-ல் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு மெஷினுக்கும் அவருக்கு 5 டாலர் கொடுத்தன.

உள்நாட்டுப் போரில் கோடீஸ்வரராக இருந்தும் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். 1867-ல் காப்புரிமை காலாவதியானது. அதே ஆண்டு அக்டோபர் 3-ல், 48 வயதில் காலமானார்.

நம்ம தெரு டெய்லர் கடை மெஷினைப் பாருங்கள். ஊசியின் காது முனையில்தான் இருக்கும், கீழே பாபின் நூல். தைப்பது அதே லாக் ஸ்டிச். எலிசபெத் கை வலிக்கத் தைத்த வேலையை இன்று செய்வது அதுதான்.