ஜேம்ஸ் நீல்

ஜேம்ஸ் ஜார்ஜ் சிமித் நீல் (மே 1810 – செப்டம்பர் 25, 1857) கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய இசுக்காட்லாந்துப் படைத்தலைவர் ஆவார். 1857 ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியை அடக்குவதில் காட்டிய கொடுமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். தமிழ்நாட்டில் இவர் நீலன் என்றும் அழைக்கப்படுகிறார். சென்னையில் இருந்த இவரது சிலையை அகற்றக் கோரி 1927 இல் நடந்த போராட்டம், தமிழக விடுதலைப் போராட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒன்றாகும்.

தொடக்க காலம்

நீல் இசுக்காட்லாந்தின் ஏர் நகருக்கு அருகில் பிறந்தார். 1827 இல் கம்பனியின் படையில் சேர்ந்து, சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவில் அமர்த்தப்பட்டார். இப்படைப்பிரிவின் வரலாற்றை நூலாகவும் எழுதினார். 1852 இல் தொடங்கிய இரண்டாம் பர்மியப் போரில் பணியாற்றிய பின், உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். கிரிமியப் போரின்போது பிரித்தானியரின் கீழ் இயங்கிய துருக்கியப் படையில் பணிபுரிந்தார்.

1857 கிளர்ச்சி

1857 இல் சென்னைக்குத் திரும்பிய நீல், தம் படைப்பிரிவின் தலைமையை ஏற்றார். வடக்கே கிளர்ச்சி வெடித்ததும் அப்படை கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கு, தம் வீரர்கள் வந்து சேரும்வரை தொடர்வண்டியை நிறுத்தி வைக்க மறுத்த நிலைய அதிகாரியை நீல் காவலில் வைத்தார்.

சூன் 4 அன்று வாரணாசியில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்களைக் களையும் முயற்சி மோதலாக மாறியது. சூன் 11 அன்று அலகாபாத்தை அடைந்து அங்குள்ள கோட்டையைப் பாதுகாத்தார். இவ்விரு நகரங்களிலும் சுற்றுப்புறங்களிலும் ஏராளமானோர் முறையான விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்டனர்; ஊர்கள் எரிக்கப்பட்டன. கிளர்ச்சியில் பங்கு கொள்ளாத பொதுமக்களும் இவற்றில் மாண்டனர்.

சூலை 15 அன்று கான்பூரில் ஏறத்தாழ 200 ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். சூலை 20 அன்று அங்கு வந்த நீல், குற்றஞ்சாட்டப்பட்டோர் தூக்கிலிடப்படும் முன் கொலை நடந்த இடத்தின் இரத்தக்கறையைத் தூய்மை செய்ய வேண்டும் என ஆணையிட்டார். மறுத்தவர்கள் சவுக்கால் அடிக்கப்பட்டனர். அவர்களது சாதி, சமய உணர்வைப் புண்படுத்துவதே இதன் நோக்கமாக இருந்தது. நீலின் செயல்கள் கான்பூர் படுகொலைக்குப் பழிவாங்கலாகவே பலரால் விளக்கப்பட்டன. ஆயினும் வாரணாசி, அலகாபாத் கொலைகள் அப்படுகொலைக்கு முன்னரே நிகழ்ந்தவை.

இறப்பு

பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தப்பட்ட நீல், முற்றுகையிடப்பட்டிருந்த லக்னோவை மீட்கச் சென்ற ஹேவ்லொக்கின் படையில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். செப்டம்பர் 25 அன்று நகருக்குள் நுழையும்போது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 47.

சிலையும் போராட்டமும்

பிரித்தானியர் நீலை வீரராகப் போற்றினர். மத்தேயு நோபிள் வடித்த அவரது வெண்கலச் சிலை, 1860களின் தொடக்கத்தில் சென்னை மவுண்ட் சாலையில் நிறுவப்பட்டது. மக்களைக் கொன்றவருக்குத் தலைநகரின் முதன்மைச் சாலையில் சிலை இருப்பதைத் தேசியவாதிகள் அவமானமாகக் கருதினர்.

1927 ஆகத்து மாதம் சிலையைத் தாக்கித் தொண்டர்கள் போராட்டத்தைத் தொடங்கினர். திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு இதன் தலைவர்களில் ஒருவர். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறுமகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டு சிறை சென்றார். அவ்வாண்டு சென்னை வந்த காந்தி, போராட்டம் அறவழியில் அமைய வேண்டும் என வலியுறுத்தி ஆதரவளித்தார். அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி எனப் பெயர் சூட்டினார். காமராசரும் இப்போராட்டத்தில் ஈடுபட்டார். சைமன் குழு எதிர்ப்பில் கவனம் திரும்பியதால் போராட்டம் தணிந்தது.

1937 இல் இராஜாஜி தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை பதவியேற்ற பின், சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. அந்தமானில் இவர் பெயரால் வழங்கிய நீல் தீவு, 2018 இல் சகீத் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டது.