தொட்டாற்சிணுங்கியை அளந்த போஸ்

போஸ் என்றதும் நேதாஜிதான் ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப்போவது இன்னொரு வங்காளியைப் பற்றி. அவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்காளதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி. அப்படியிருந்தும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே ஒரு மீனவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார் போஸ். எங்க வீட்ல டிப்ளமோ வரைக்கும் வந்தது நான்தான் முதல் ஆள், அதுவும் தமிழ் மீடியம். இதைப் படித்ததும் ஒரு தெம்பு வந்தது.

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இவருக்கு அதைவிடக் குறைவு. மூன்று வருஷம் சம்பளமே தொடாமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தார்கள்.

ஒழுங்கான லேப் கிடையாது. தகர வேலை செய்யும் ஒருவரைப் பழக்கித்தான் கருவிகள் செய்தார். ரேடியோ அலையில் பேர் வாங்கியபின் செடிகள் பக்கம் திரும்பினார். நம்ம ரயில்வே லைன் ஓரம் கிடக்கிற தொட்டாற்சிணுங்கிதான் அவருக்கு முக்கியமான செடி. ஓரிடத்தில் தூண்டினால் தள்ளியிருக்கும் இலையும் மடங்குகிறதே, சேதி எப்படிப் போகுது? உள்ளே தண்ணீர் அழுத்தம் மாறுவதால்தான் என்றார்கள் மேல்நாட்டு விஞ்ஞானிகள். நம் உடம்பு நரம்பில் போவதுபோல மின்சாரத் துடிப்பு என்றார் இவர்.

சும்மா சொன்னால் யார் நம்புவார்? இலையோடு கட்டிய மெல்லிய கம்பி, புகை படிந்த கண்ணாடியில் கோடு இழுத்தால் உராய்வில் கணக்குத் தப்பும். அதனால் சீராக அதிர்ந்து புள்ளி மட்டும் வைக்கும்படி செய்தார். இரண்டு புள்ளிக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பது தெரிந்ததுதான். புள்ளிகளை எண்ணினால் வேகம் வந்துவிடும். இலைக்காம்பில் அது செகண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். சூட்டில் வேகம் கூடியது, குளிரில் குறைந்தது, விஷம் வைத்தால் சேதி நின்றேபோனது. வெறும் தண்ணீர் அழுத்தமாக இருந்தால் விஷத்துக்கு நிற்குமா?

நம் நரம்பும் குளிர்ந்தால் மந்தமாகும். பருத்த நரம்பும், ஒயருக்கு இன்சுலேஷன் மாதிரி மயலின் உறை போட்ட நரம்பும் வேகமானவை. அவற்றில் செகண்டுக்கு 100 மீட்டர்கூடப் போகும். அந்த வேகத்தில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஆறேழு நிமிஷம். தொட்டாற்சிணுங்கி வேகத்தில் போனால் பதினாலு நாளாகும்!

செடிக்கு நம்மைப்போல் நரம்பு கிடையாது என்பதே இன்றைய முடிவு. அந்த வார்த்தையில் அவர் கொஞ்சம் தூரம் போய்விட்டார் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் செடிக்குள் மின்சாரச் சேதி ஓடுவது நிஜம்.

அவரது கட்டுரையை 1901-ல் அச்சிடாமல் வைத்த லண்டன் ராயல் சொசைட்டி, 1920-ல் அவரையே உறுப்பினராக்கியது. 1917-ல் கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார். அவர் செய்த கருவிகள் அந்த இன்ஸ்டிடியூட் மியூசியத்தில் இருக்கின்றன.