ரைஃபைசன் அய்யாவும் அவர் மகள் அமலியும்

விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். ஜெர்மனிக்காரர். நம்மூர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் நம்ம குழுக்களுக்கும் முன்னோடி என்று இவரைத்தான் கணக்காளர் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.

1818-ஆம் ஆண்டு மார்ச் 30-ல் ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவின் துணை இல்லாமல் போனது. ஒன்பது பிள்ளைகளையும் அம்மாதான் ஆளாக்கினார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஊர்ப் பாதிரியாரிடம் கொஞ்ச காலம் பாடம் கேட்டதோடு சரி, கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. பதினேழு வயசில் ராணுவத்தில் சேர்ந்தார். கண்ணில் நோய் வந்ததால் 1843-ல் வெளியே வரவேண்டியதாயிற்று. அப்புறம் அரசு அலுவலகத்தில் எழுத்து வேலை பழகி, 1845-ல் வெயர்புஷ் வட்டாரத்துக்குத் தலைவரானார்.

அடுத்த ஆண்டே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வசதியானவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, பொது அடுப்பில் ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கடனாகக் கொடுத்தார். 1848-ல் ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாறிப்போனார். அங்கே விவசாயிகள் வட்டிக்காரரிடம் மாட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1849-ல் சுமார் 60 வசதியானவர்களைப் பொறுப்பேற்க வைத்து, மாடு வாங்கித் தந்து, தவணையில் திருப்பிக் கட்ட வழி செய்தார். நம்ம கறவை மாட்டுக் கடன் மாதிரிதான்.

ஆனால் இதிலெல்லாம் ஒரு குறை இருந்தது. கொடுக்கிறவர் மனசு மாறினால் சங்கமே ஆட்டம் கண்டது. 1852-லிருந்து ஹெடஸ்டோர்ஃபில் வேலை பார்த்தபோது அனுபவத்தில் இதைக் கண்டுகொண்டார். அதனால் 1864-ல் கடன் வாங்குகிறவர்களையே உறுப்பினராக்கிக் கடன் சங்கம் தொடங்கினார். ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரிந்த சின்னப் பகுதி. கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் உண்டு.

இதற்குள் அவர் வாழ்க்கையில் அடிமேல் அடி. 1863-ல் மனைவி எமிலி இறந்துபோனார். 1865-ல் உடம்பு முடியாமல் வேலையை விட்டார். பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது. இத்தனை வருஷம் கற்றதை இனி எப்படி எழுதிவைப்பது? அங்கேதான் மூத்த மகள் அமலி வருகிறார். அப்பா சொல்லச் சொல்ல எழுதினார், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டினார், பதில் போட்டார். 1866-ல் ரைஃபைசனின் புத்தகம் வந்தது. சங்கம் எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்று சொல்லும் செய்முறைப் புத்தகம் அது. அப்போது அமலிக்கு இருபது வயசு. கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அப்பாவுக்குக் கண்ணாக இருந்தார். 1888 மார்ச் 11-ல் ரைஃபைசன் மறைந்தார். அதற்குள் அவர் காட்டிய வழியில் பல கிராமங்களில் சங்கங்கள் முளைத்திருந்தன.

அந்த வழி நம்ம பக்கம் வந்த கதையும் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம் அது. 1892-ல் சென்னை மாகாண அரசு, ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் சங்கங்களைப் பார்த்துவர அனுப்பியது. அவரும் நேரில் பார்த்துப் படித்துவிட்டு, 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். ரைஃபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

இவரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்து வந்தபோது ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். முதல் கூட்டத்திலேயே ஒரு அக்கா கட்டிய அசலை வட்டிப் பத்தியில் எழுதிவிட்டேன். அடுத்த மாசம் வாசித்தபோது அவர் கடன் குறையவே இல்லை. எல்லோர் முன்னாடியும் தலைகுனிந்து எழுந்து போனவர், அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. எங்கள் மூத்த ஊக்குநர் அக்கா என்னை அவர் வீட்டுக்கே கூட்டிப்போனார். பாஸ்புக்கையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துத் திருத்தி, மன்னிப்பும் கேட்க வைத்தார். அதற்குப் பிறகு ஆறு மாசம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். சின்ன வெங்காயம் போட்டவருக்கு எந்த மாசம் கை வறளும், முந்திரி இருக்கிற வீட்டில் எப்போது காசு புழங்கும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றேன். வகுப்பில் படித்திருக்காவிட்டால் அந்தத் தப்பை எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

இன்றைக்குப் படித்த பெண்கள் நிறைய பேர் கணக்கு வேலைக்கு வருகிறார்கள். பயிற்சி முடித்த கையோடு அவர்களிடம் நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாசமாவது ஒரு மூத்த அக்கா பக்கத்தில் உட்கார வையுங்கள். அதேபோல, எனக்கு எழுத்து வராது என்று ஒதுங்கி நிற்கிற மூத்தவர்களும் பயிற்சி வகுப்புக்கு ஒரு நாளாவது வாருங்கள். நம்ம கூட்டமைப்பு இதை ஒரு தீர்மானமாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.